அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகும் நர்ஸம்மா
சீருடைக்குள் மனிதர்கள் – தொடர் 9

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் வளைவுக்கு வளைவு வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு 108 ஆம்புலன்ஸுக்குள், ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணின் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இறங்கியவர்களுக்கு அது வேறு சாலை. ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டு போவார்கள்.

சேர்வராயன் மலையில் அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. மலையாளிப் பழங்குடிகளும் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும்தான் பெரும்பான்மை. ஏற்காட்டில் ஓர் அரசு மருத்துவமனை. நாகலூர், வாழவந்தி போன்ற ஊர்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள். அதற்கு மேல் எது வேண்டுமென்றாலும், பெரிய ஆபரேஷனோ தீவிர சிகிச்சையோ, மலையிறங்கி சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்த வழியும் உறுதியில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைச்சாலையே அடைபட்டுப் போனது.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு கட்டுமீறிப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். வலிப்பு வந்த கர்ப்பிணி என்றால் மேல் மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பே மெக்னீசியம் சல்பேட் போட்டாக வேண்டும். மருந்து இரண்டு மில்லி ஆம்பியூலில் ஒரு கிராம் வீதம் வருகிறது. முதல் டோஸுக்கு ஒரு இடுப்பில் ஐந்து கிராம், மறு இடுப்பில் ஐந்து கிராம். அதாவது, நர்ஸ் பத்து ஆம்பியூல்களை ஒவ்வொன்றாகக் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் இழுத்து, தசையின் ஆழத்தில் போட வேண்டும். போட்ட பிறகு மூச்சை எண்ண வேண்டும், முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும், மருந்து மிஞ்சிவிட்டால் கொடுக்கக் கால்சியம் குளுக்கோனேட்டை எடுத்துவைக்க வேண்டும். இத்தனையையும் பெரும்பாலும் ஒற்றை ஆளாக, வெளியே உறவினர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே செய்கிறார்.

பெரும்பாலான இரவுகள் நல்லபடியாக விடிகின்றன. 2018-20 காலகட்டத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். அப்போதைய தேசியச் சராசரி 97. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியர்களும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு டூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ்களும், ஆம்புலன்ஸ் ஊழியர்களும்தான். இந்த வாரம் நாம் பேசப் போவது நல்லபடியாக விடியாத இரவுகளைப் பற்றி. நோயாளிக்கு ஆகக் கூடாதது ஆகிவிட்ட பிறகு, அந்த அறையில் இருந்த நர்ஸுக்கும் டாக்டருக்கும் என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட சம்பவங்களில் இழப்பு குடும்பத்துடையது. அம்மாவை, குழந்தையை, கணவனைப் பறிகொடுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லப்பட வேண்டும். இழப்பீடும் நீதியும் கிடைக்க வேண்டும். ஊழியரின் மனவேதனையைப் பற்றிப் பேசுவது அந்தக் கடமையிலிருந்து தப்பிக்கும் வழியாகிவிடக் கூடாது. ஆனால், இரண்டு வேதனைகளையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாத மருத்துவத் துறை இரண்டையுமே ஆற்றாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

2018 நவம்பர் கடைசியில், சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் 19 வயது இளைஞர் ஒருவர் உறவினர் ஒருவருக்காக ரத்தம் கொடுத்தார். அந்த ரத்தம் டிசம்பர் முதல் வாரத்தில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. இந்தியாவில் தானமாகப் பெறும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்தையும் ஐந்து தொற்றுகளுக்குச் சோதிக்க வேண்டும்: எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா. சோதித்ததாக ஒட்டப்பட்ட லேபிளோடுதான் அந்தப் பையும் போனது.

சில நாட்களில் அந்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டார். எச்.ஐ.வி. இருப்பதாக முடிவு வந்தது. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று சொல்ல ரத்த வங்கிக்குத் தகவல் கொடுத்தார். அதற்குள் காலம் கடந்திருந்தது. 2016-லேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று இருந்தது கண்டுபிடிக்கப்பட்டும், அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை என்பது அதன் பிறகே வெளியே வந்தது.

தன்னால் ஒரு கர்ப்பிணிக்கு நோய் வந்துவிட்டதே என்ற நினைப்பை அந்தப் பையனால் தாங்க முடியவில்லை. தற்கொலைக்கு முயன்று, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் டிசம்பர் 30 அன்று இறந்தார். அவர் மருத்துவத் துறை ஊழியர் இல்லை. இருந்தாலும், இந்தச் சங்கிலியில் தன் பங்கைத் தானாக முன்வந்து சொன்னவர் அவர் ஒருவர்தான். உண்மையைச் சொன்னவரை அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடும் இல்லை.

ஆய்வக நுட்புநர்கள் மூன்று பேர் மீது நடவடிக்கை பாய்ந்தது. 2019 ஜனவரியில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது; குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் உறுதியானது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இவை எல்லாம் நடக்க வேண்டியவைதான். ஆனால் 2016-ல் ஒரு முடிவை ஏன் உரியவரிடம் சேர்க்க முடியவில்லை, 2018-ல் பழைய பதிவேடு ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பவை மூன்று நுட்புநர்களோடு முடிந்துவிடுகிற கேள்விகள் அல்ல. அந்த நாற்காலியில் நாளை வந்து உட்காரும் புதியவர் அதே பதிவேட்டை, அதே வேலைப்பளுவோடுதான் புரட்டப் போகிறார்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2010 செப்டம்பரில் நடந்ததை உலகெங்கும் செவிலியர் வகுப்புகளில் இன்றும் பேசுகிறார்கள். கிம்பர்லி ஹயாட் குழந்தைகள் மருத்துவமனையில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு வேலை பார்த்த நர்ஸ். இதயக் கோளாறு இருந்த எட்டு மாதக் குழந்தைக்கு 140 மில்லிகிராம் கால்சியம் குளோரைடு கொடுக்க வேண்டிய இடத்தில், மனக்கணக்கில் ஒரு புள்ளி பிசகி 1.4 கிராம் கொடுத்துவிட்டார். பத்து மடங்கு. தவறு தெரிந்த உடனே அவரே சக ஊழியர்களிடம் சொன்னார். சில நாட்களில் குழந்தை இறந்தது. மருத்துவமனை அவரை வேலையை விட்டு அனுப்பியது. உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்ள அபராதம் கட்டினார், மேற்பயிற்சிக்கு ஒப்புக்கொண்டார். 2011 ஏப்ரலில், 50 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2000-ல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பர்ட் வூ பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதியிருந்தார். அவர் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் ஈ.சி.ஜி.யில் தெரிந்த ஆபத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். செய்தி இரவோடு இரவாகப் பரவி, காலையில் எல்லோரும் அவரைத் திறமையில்லாதவர் என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். இந்தத் தவறு என்னாலும் நேர்ந்திருக்கலாமே என்று வூ உள்ளுக்குள் நினைத்தார், வெளியே சொல்லவில்லை. மருத்துவப் பிழையில் நோயாளிக்கு அடுத்தபடியாக அடிபடுபவர் அதைச் செய்த ஊழியர் என்று அவர் எழுதியது மருத்துவ உலகில் பெரிய விவாதத்தைத் தொடங்கிவைத்தது.

மிசௌரி பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த சூசன் ஸ்காட்டின் குழு, இப்படி அடிபட்ட 31 ஊழியர்களிடம் பேசி 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே பாதையில்தான் போயிருந்தார்கள். முதலில் குழப்பம், பிறகு அந்தக் காட்சி மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓடுவது, இனி என்னை நம்புவார்களா என்ற சந்தேகம், விசாரணை, யாரிடம் போய்ச் சொல்வது என்ற தவிப்பு. கடைசியில் சிலர் துறையை விட்டே போகிறார்கள். சிலர் வேலையில் இருக்கிறார்கள், உள்ளுக்குள் காயம் ஆறவில்லை. சிலர்தான் அந்த அனுபவத்திலிருந்து எதையாவது மாற்றி, மீண்டு எழுகிறார்கள்.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இந்தப் பாதையில் நடப்பவருக்கு ஓர் ஆறுதலாவது உண்டு. டூட்டி முடிந்தால் கூட்டத்தில் கரைந்து வீட்டுக்குப் போய்விடலாம். சேர்வராயன் மலையில் அதற்கு வழி கிடையாது. கிராம சுகாதார செவிலியருக்குத் தன் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு வீடும் தெரியும். யாருக்கு எத்தனையாவது மாதம், யாருக்கு ரத்தசோகை, யார் வீட்டில் மாமியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மறுக்கிறார் என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். பிரசவத் தேதி நெருங்கியதும் மலையிறங்கி வாங்க என்று கெஞ்சிக் கூப்பிடுவதும் அவர்தான். அப்படிக் கூட்டிப்போன பெண் உயிரோடு திரும்பவில்லை என்றால், அடுத்த வாரம் தடுப்பூசிக்கு அதே ஊருக்குப் போக வேண்டும். அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் அடுத்த வீட்டுக்கு வழி. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ‘நர்ஸம்மா’ என்று முன்போல் கூப்பிடுவாரா, முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்பது தெரியாமலே நடக்க வேண்டும். தப்பு தன்னுடையதாக இல்லாத போதும் அந்த நடை கனமானது. அதைப் பகிர்ந்துகொள்ள அதே நிலையத்தில் இன்னொரு சீனியர் இருப்பதும் அரிது.

பயம் வேறு பக்கத்திலிருந்தும் வருகிறது. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில், சிகிச்சைக்கு வந்த கர்ப்பிணி இறந்துபோனதற்காக, அவருடைய கணவர் ஒரு பெண் மருத்துவரை வெட்டிக் கொன்றார். மாநிலம் முழுவதும் மருத்துவர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் லால்சோட் ஊரில் டாக்டர் அர்ச்சனா சர்மாவின் மருத்துவமனையில் ஒரு தாய் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் இறந்தார். கூட்டம் திரண்டு போராடியது. போலீஸ் அவர்மீது கொலை வழக்கே பதிவு செய்தது. மறுநாள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தான் யாரையும் கொல்லவில்லை, இப்படிப்பட்ட ரத்தப்போக்கு மருத்துவம் அறிந்த சிக்கல்தான், குற்றமற்ற மருத்துவர்களைத் துன்புறுத்தாதீர்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அப்படி வழக்குப் பதிவு செய்யக் கூடாது என்று சட்டம் முன்பே சொல்லியிருக்கிறது. 1995-ல் லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அந்த மரணத்திலிருந்து எழுந்த ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடுக்கும் முன் சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும், எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது என்றது; வழக்கு பயத்தில் நடுங்கும் கையால் நல்ல சிகிச்சை தர முடியாது என்றும் சொன்னது. லால்சோட் சம்பவம் நடந்தது அந்தத் தீர்ப்புக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பயத்தின் பெயர் வேறு. ‘மெமோ’, ‘எக்ஸ்ப்ளனேஷன்’, ‘17 பி’. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்குமுறை விதிகளில் 17(அ) சிறிய தண்டனைகளுக்கு, 17(ஆ) பெரிய தண்டனைகளுக்கு. பின்னது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நின்றுபோகும். தொகுப்பூதியத்தில் இருக்கும் நர்ஸுக்கு அந்த விதியின் பாதுகாப்புகூட முழுதாக இல்லை. ஒரே வரியில் வேலை போய்விடும்.

தாய் மரணத் தணிக்கையில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 1990-களிலிருந்தே ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து அலசும் வழக்கம் இங்கே இருக்கிறது. தாய் இறப்பு குறைந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தேசிய வழிகாட்டுதல் இந்தத் தணிக்கைக்கு வைத்திருக்கும் அடிப்படை, பெயர் சொல்லாதே, பழி போடாதே என்பதுதான். நடைமுறையில் பல கூட்டங்கள் எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் இடமாக மாறிவிடுவதாக அரசு மருத்துவர் சங்கங்கள் நெடுங்காலமாகக் குறைப்படுகின்றன. அந்தக் குறையை அலட்சியம் செய்வது பெரும் தவறு. அவமானத்துக்குப் பயந்தவர் அடுத்த முறை உண்மையான நேரத்தை எழுத மாட்டார். ரத்தப்போக்கு எப்போது தொடங்கியது, 108-ஐ எப்போது கூப்பிட்டார்கள் என்ற இரண்டு நேரங்கள் கேஸ் ஷீட்டில் தவறாக இருந்தால், அந்த மரணத்திலிருந்து கற்றுக்கொள்ள எதுவுமே மிச்சமிருக்காது.

பயம் தனி ஆளோடு நிற்பதில்லை, ஊர்களையும் தொடும். 2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதிர்ந்துபோன அரசு, செவிலியர்கள் ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போடுவதை நிறுத்தியது. சுகாதார நிலையத்தில் டாக்டர் முன்னிலையில்தான் போட வேண்டும் என்றானது. அந்த நான்கு பெற்றோரின் துயரத்துக்கு முன்னால் அந்த எச்சரிக்கையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மலைக் கிராமத்துத் தாய்க்கு அதன் அர்த்தம், கைக்குழந்தையோடு கூலியை விட்டுவிட்டு வெகுதூரம் போய்வருவது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2005-06-ல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளும் போட்ட குழந்தைகள் 81 சதவீதம். 2015-16-ல் 70 சதவீதம். இந்தச் சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஊசி போடும் கையைப் பயமுறுத்திவிட்டு, ஊசி போடும் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்று எதிர்பார்க்க முடியாது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. சூசன் ஸ்காட் இருந்த மிசௌரி மருத்துவமனையிலும், 2011-லிருந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும், பயிற்சி பெற்ற சக ஊழியர்களே அழைத்தவுடன் வந்து பேசும் குழுக்கள் இயங்குகின்றன. அங்கே பேசியது எதுவும் விசாரணைக் கோப்புக்குப் போகாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு இந்த விஷயத்தில் சொந்த வரலாறும் உண்டு. 2001-ல் தீக்காயத்துக்காக அங்கே சேர்க்கப்பட்டுத் தேறிவந்த ஜோசி கிங் என்ற 18 மாதக் குழந்தை, நீர்ச்சத்து வற்றியதைக் கவனிக்காததாலும் தவறான வலிமருந்தாலும் இறந்தது. அவளுடைய அம்மா சோரல் கிங், மருத்துவமனை கொடுத்த இழப்பீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை அதே மருத்துவமனையில் நோயாளிப் பாதுகாப்புத் திட்டத்துக்கே திருப்பிக் கொடுத்தார். மருத்துவமனை தவறை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டதால்தான் அந்தத் தாயால் அவர்களோடு உட்கார்ந்து பேச முடிந்தது.

சேலம் மாவட்டத்தில் இதைத் தொடங்கப் பெரிய நிதி தேவையில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. வட்டாரத்துக்கு இரண்டு பேர், ஓய்வை நெருங்கும் சீனியர் செவிலியர் ஒருவரும் அனுபவமுள்ள மருத்துவர் ஒருவரும், இதற்கென்று பயிற்சி பெற்றால் போதும். ஏற்காடு மலையில் ஒரு தாயோ சிசுவோ இறந்தால், விசாரணைக் கடிதம் போவதற்கு முன் அவர்களில் ஒருவர் மலையேறிப் போக வேண்டும். நர்ஸ் சாப்பிட்டாரா, தூங்கினாரா, இன்றிரவு டூட்டியை வேறு யாராவது பார்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். பிறகு, அந்தக் குடும்பத்தைப் பார்க்க அவர் போகும்போது கூடப் போக வேண்டும். நடந்ததை அவர் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துறை அவரோடு நின்று சொல்ல வேண்டும்.

தணிக்கைக் கூட்டத்தில் தலைமை நாற்காலியில் உட்காருபவர்களிடமும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. யார் செய்தது என்று கேட்பதற்கு முன், அந்த இரவு டூட்டியில் எத்தனை பேர் இருந்தார்கள், ஆக்ஸிடோசின் வைத்திருந்த ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் இருந்ததா, ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று கேளுங்கள். பதிலை எழுதிவையுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பதிலில் என்ன மாறியிருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

இதைப் படிக்கும் செவிலியர், மருத்துவர், ஆய்வக நுட்புநர் யாராவது அப்படி ஒரு சம்பவத்தின் நினைவோடு தூங்க முடியாமல் இருந்தால், தனியாகச் சுமக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணிலும், டெலி மானஸ் 14416 எண்ணிலும் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

(தொடரும்)